ஒரே பின்னில் அஞ்சு ஃபேன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று நம் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது என்று சிவசங்கர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியே ஆயிற்று. ஒன்பதரைக்கெல்லாம் பென்னலூரில் அவன் அப்பா கன்னியப்பன் வீட்டு முன்னறை நிரம்பி, தெருவில் புங்கமர நிழல் வரைக்கும் ஜனம் நின்றது. பாதி ஊர்ப் பிள்ளைகள். மீதி, கம்பெனி ஹாஸ்டல்களில் தங்கியிருந்த தெக்கத்திப் பெண்கள். ஊரில் இருக்கிற தம்பி தங்கைகளின் பதிவெண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வியர்வையில் அழிந்துவிடக் கூடாதென்று கையை விரித்தபடியே நின்றார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துக் கத்திரி அது. நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்துக்கொண்டபோது வந்த பணத்தில் கன்னியப்பன் அந்த முன்னறையைக் கட்டினார். மேலே ஆஸ்பெஸ்டாஸ். பத்து மணிக்குமேல் அதன் கீழே நின்றால் தலைமயிர் சுடும். அந்த அறையில்தான் மூன்று கம்ப்யூட்டரைப் போட்டு சிவசங்கர் நெட் சென்டர் வைத்திருந்தான். ஒயரிங் கம்பெனி ஸ்டோரில் காண்ட்ராக்டில் இருந்தவன், காண்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்ததும் ஆரம்பித்த தொழில். அவன் மனைவி நாச்சியார் அதே கம்பெனியில் இன்னும் லைனில் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தபோது அவனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவள். அன்று அவளுக்கு செகண்ட் ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருந்தாள்.

மூன்று மிஷினில் நடுவில் இருந்ததுதான் பெரியது. டெலிபோன் லைன் அதற்குத்தான் வரும். அது மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும். அது நின்றால் கடையே நின்றது. சித்திரை பிறந்ததிலிருந்து அது சூடாகிச் சூடாகி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறைந்து போய்க்கொண்டிருந்தது. ரிசல்ட் அன்று இப்படி ஆனால் மானம் போய்விடுமென்று சிவசங்கர் ரிச்சி தெருவுக்குப் போய் அஞ்சு ஃபேன் வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் அரைச் சாண் அகலம். கேபினெட்டின் முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் பார்த்தான். போர்டில் ஃபேனுக்கென்று இருந்த மூணு பின் இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது.

"நாச்சி, ஒண்ணுலேர்ந்து அஞ்சு பிரிக்கிற மாதிரி ஒரு ஒயரு செஞ்சு தரியா?" என்று கேட்டான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் செய்வதே அதுதான். கார் கதவுக்கும் விளக்குக்கும் போகிற கம்பிக் கற்றையைப் பலகையில் போட்டு, நிறம் பார்த்துப் பிரித்து, நுனியில் பித்தளை முனை அடித்து, கனெக்டருக்குள் தள்ளுவாள். உள்ளே போய் உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் அவள் கை அடுத்த கம்பிக்குப் போகாது. கடையில் நல்ல தடிமனான கம்பியாகப் பார்த்து வாங்கி வந்து, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து செய்தாள். ஒரு தலை, அஞ்சு வால். ஒவ்வொரு வாலையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"இது எவ்ளோ தாங்கும்?" என்றான் சிவசங்கர்.

"கார் ஹாரனுக்கே குடுக்கலாம். உங்க ஃபேனு என்ன பெரிய இதா?"

மாட்டிப் போட்டதும் அஞ்சும் ஒன்றாகச் சுற்றின. மிஷினுக்குப் பின்னால் கையை வைத்தால் காற்று அடித்தது. கன்னியப்பன்கூட வந்து பார்த்துவிட்டு, "எம்மருமவ கம்பெனில செய்ற மாதிரியே செஞ்சிக்கீது" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார். கம்பி எவ்வளவு தாங்கும் என்று கேட்டார்கள். அந்த மூணு பின் எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. நாச்சியாரும் கேட்கவில்லை.

ரிசல்ட் அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. கூட்டம் முணுமுணுத்தது. லைன்மேனுக்கு உதவியாளாகக் காண்ட்ராக்டில் இருந்த தாண்டவராயன், சைக்கிளில் ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு வந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போட்டான். பிள்ளைப்பாக்கத்துக்காரன். பதினாலு வருஷமாக நிரந்தரம் ஆக்குவார்களென்று காத்திருப்பவன். கரண்ட் வந்தபோது டியூப்லைட் பளீரென்று எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மிஷின்கள் மறுபடி உயிர்பெற்றன. அஞ்சு ஃபேனும் ஒரே மூச்சில் கிளம்பின.

பதினொன்று இருபதுக்கு நாச்சியார் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூக்கில் ஒரு வாசனை ஏறியது. கம்பியின் மேல்தோல் தீய்கிற வாசனை அவளுக்குத் தெரியும், அது இல்லை. கோந்தைக் கரண்டியில் வைத்துக் கருக்கியது போல இருந்தது. எழுந்து வருவதற்குள் நடு மிஷினின் பக்கத்து ஓட்டையிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெருப்பு. பெண்கள் பின்னால் நகர்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சிவசங்கர் அந்தக் கோடி மிஷினில் யாருக்கோ மார்க் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்த்து அப்படியே நின்றான்.

கன்னியப்பன் அப்போதுதான் வந்தார். பஞ்சாயத்துத் தண்ணி டேங்க்கை அவர்தான் திறந்து மூடுவார். வால்வைத் திறந்துவிட்டு, நனைந்த வேட்டியோடு, வீட்டுக்கு ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நெருப்பைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குடத்தை அப்படியே மிஷின்மேல் கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. புகை இன்னும் வந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டுவிட நினைத்தார்போல. வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, வலது கையால் கேபினெட்டின் தகரத்தைப் பிடித்தார்.

பிடித்த கை விடவில்லை.

டேங்க் மேல் நின்று கூப்பிட்டால் பக்கத்து ஊருக்குக் கேட்கிற குரல் அவருடையது. அன்று சத்தமே வரவில்லை. வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. உடம்பு விறைத்து மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதது போல எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நைனா" என்று சிவசங்கர் பாய்ந்தான். நாச்சியார் அவன் நெஞ்சில் கையை வைத்து, இருந்த பலத்தை எல்லாம் சேர்த்துத் தள்ளினாள். அவன் இரண்டு பெண்கள்மேல் போய் விழுந்தான். அவள் வாசற்படி ஓரத்து மெயின் ஸ்விட்சுக்கு ஓடினாள். நான்கு அடிதான். பிடியைப் பற்றிக் கீழே இறக்கினாள். டியூப்லைட் அணைந்தது. கன்னியப்பன் மரம் சாய்வதுபோல் ஈரத்தில் விழுந்தார்.

ஹாஸ்டல் பெண் ஒருத்தி அப்போதும் உள்ளங்கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் பெரியாஸ்பத்திரியில் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். வலது உள்ளங்கையும் கட்டைவிரலும் வெந்து வெளுத்திருந்தன. கட்டுப் போட்டார்கள். கன்னியப்பன் கண்ணைத் திறந்தார், தண்ணீர் குடித்தார், பேசவில்லை. என்ன கேட்டாலும் கட்டுப் போட்ட கையையே பார்த்தார்.

"அதிர்ச்சி. பேசுவாரு, விடுங்க" என்றாள் நர்ஸ்.

அவர் மனைவி பாஞ்சாலியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்து கஞ்சி வைக்கிறேன் என்று உலையில் அரிசியைப் போட்டாள். கொஞ்சநேரம் கழித்து வந்து இன்னொரு படி போட்டாள். முன்னறைத் தரையை மூன்றுதரம் துடைத்தாள். நான்காம்முறை துணியை நனைத்தபோது நாச்சியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காஞ்சிருச்சி அத்தே."

"காஞ்சிச்சா?"

"ஆமா."

"இன்னும் ஈரமா கீற மாதிரியே கீதுடி" என்றாள் பாஞ்சாலி.

மறுநாள் காலை பாஞ்சாலியும் சிவசங்கரும் ஆஸ்பத்திரியில் இருக்கையில் ரகுபதி வந்தான். தண்டலத்தில் காலேஜ்களுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சிவசங்கர் சொல்லிவிட்டிருந்தான். நாச்சியார் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள்.

"அப்பறமா யாராவது இத்தத் தொட்டீங்களாக்கா?"

"இல்ல. மிஷின் ஒயரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில இருந்து புடுங்கிட்டு அப்படியே வச்சிருக்கேன்."

அவன் கேபினெட்டை வெளியே எடுத்துப்போய்ப் புங்கமரத்தடியில் வைத்து மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கை தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது. சாய்த்துக் கொட்டினான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இந்த ஒயரு யாரு செஞ்சது?"

நாச்சியார் அவன் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "நான்தான்."

"நீங்களா? சும்மா சொல்லக் கூடாது, கடையில கெடைக்காது இந்த மாதிரி." அவன் அதை உருவி அவள் கையில் கொடுத்தான். "பாருங்க. எங்கனா கருகிக்கீதா?"

அவள் அஞ்சு வாலையும் விரலால் நீவிப் பார்த்தாள். புதுசு மாதிரி இருந்தது. தலையில் மட்டும், போர்டில் செருகுகிற கனெக்டர் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இப்போ போர்டைப் பாருங்க."

மூணு பின் இருந்த இடத்தில் பின்னே இல்லை. சுற்றிலும் காசு அகலத்துக்குக் கரி. அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு, எறும்பு ஊர்ந்த தடம்போல, போர்டின் ஓரம்வரை போயிருந்தது.

"போர்டுக்குள்ள கம்பி கெடையாதுக்கா. செம்புல கோடு போட்டிருப்பான், மயிரு கனத்துக்கு. அதுவழியாதான் இந்தப் பின்னுக்குக் கரண்ட் வரும். ஒரு ஆம்பியர், அவ்ளோதான் தாங்கும். உங்க ஃபேன் மேல இன்னா போட்டுக்கீதுன்னு படிங்க."

ஒரு ஃபேனைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஸ்டிக்கர். பன்னிரண்டு வோல்ட், பாயிண்ட் நாலு அஞ்சு ஆம்பியர்.

"அஞ்சால பெருக்குங்க."

அவள் பெருக்கினாள். இரண்டேகால் வந்தது. மறுபடி பெருக்கினாள். மறுபடியும் இரண்டேகால்தான்.

"ஒரு வாரம் நல்லாத்தானே ஓடிச்சி?"

"ஓடிச்சி. உள்ள வெந்துகினே ஓடிச்சி. அன்னிக்கி கரண்டு போய் வந்துது இல்ல, ஃபேனு நின்னதுலேர்ந்து கெளம்பறப்ப இன்னும் ஜாஸ்தியா இழுக்கும். அஞ்சும் ஒண்ணா கெளம்பிச்சி. கம்பி மட்டமா இருந்திருந்தா கம்பி பொசுங்கி அறுந்துருக்கும், அத்தோட முடிஞ்சிருக்கும். உங்க கம்பி நல்ல கம்பி. அத்தொட்டு போர்டு எரிஞ்சிச்சி."

நாச்சியார் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். லைனில் ஒவ்வொரு கனெக்டருக்கும் எதிரே, இதற்கு இத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அஞ்சு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்துதான் கம்பி செருகுகிறாள். கம்பியும் அது போய்ச் சேருகிற இடமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது அவளுக்குப் புதுசு இல்லை.

"வோல்டேஜ் ஏறிச்சின்னு சொல்லுதாங்களே எல்லாரும்."

"ஏறியிருந்தா மொதல்ல இது எரிஞ்சி பூட்டிருக்கும்" என்று அவன் மேலே இருந்த, கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தட்டினான். "பக்கத்து ரெண்டு மிஷினும் பூட்டிருக்கும். போயி போட்டுப் பாருங்க, ரெண்டும் ஓடும். வோல்டேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப எங்க மாமாவ அடிச்சது எது?"

"ஃபேனுக்குப் போறது பன்னெண்டு வோல்ட்டு. அது யாரையும் அடிக்காது. எஸ்.எம்.பி.எஸ்-க்குள்ள வர்றது எர்நூத்தி முப்பது. தண்ணி ஊத்துனதும் அது தகரத்துக்கு வந்திருச்சி. எர்த்து இருந்தா அப்பவே ஃபியூஸ் பூட்டிருக்கும். எர்த்து குடுத்துக்கீதா?"

"எர்த்துக்குப் பெரிய காலோட மூணு கால் பிளக்குதான் எல்லாத்துக்கும்."

"அப்ப ஏன் அடிச்சிச்சின்னு தெர்ல" என்று அவன் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டான்.

அவளுக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. "அஞ்சு ஃபேன் வேணும்னா எப்படிக் குடுக்கணும்?"

அவன் பெட்டியிலிருந்து தொங்கிய பெரிய நாலு பின் கனெக்டரை எடுத்துக் காட்டினான். "இங்கேருந்து. இது எஸ்.எம்.பி.எஸ்-லேர்ந்து நேரா வர்றது. மஞ்சள் பன்னெண்டு வோல்ட்டு, கறுப்பு கிரவுண்டு. அஞ்சுக்கும் இதுலேர்ந்து எடுங்க. போர்டுல ஒரு ஃபேன் போடலாம், சின்னதா இருந்தா ரெண்டு. இல்லன்னா ஸ்பீடு சொல்ற கம்பிய மட்டும் ஒரு ஃபேன்லேர்ந்து கொண்டுபோயி போர்டுக்குக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"ஃபேன்ல ஸ்பீடு சொல்லுத கம்பிதான மஞ்சள்?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஆமா. இங்க மஞ்சள் வேற, அங்க மஞ்சள் வேற. கலரைப் பாத்து சேத்தா ஸ்பீடு கம்பியில பன்னெண்டு வோல்ட்டு பூந்துரும். இதெல்லாம் ஒரு வாரம் முன்னாடி எங்கிட்ட கேட்டிருக்கலாம்க்கா."

அவன் போன பிறகு நாச்சியார் மற்ற இரண்டு மிஷினையும் போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஓடின.

சிவசங்கர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். கையில் ஒரு வெள்ளைத்தாள். டீக்கடையில் உட்கார்ந்து தெருப் பையன்களோடு சேர்ந்து எழுதியது. தாண்டவராயன் நியூட்ரல் கம்பியைத் தளர்வாக விட்ட கவனக்குறைவால் அதிக மின்னழுத்தம் வந்து, கம்ப்யூட்டர் எரிந்து, எழுபது பேர் இருந்த இடத்தில் என் தந்தை உயிருக்குப் போராடும் நிலை ஏற்பட்டது. மேற்படி நபரை வேலையிலிருந்து நீக்க வேண்டும். கீழே இருபது முப்பது கையெழுத்து விழுந்திருந்தது.

"நாளிக்கி நைனா வந்ததும் அவர்து ஒண்ணு வாங்கணும். அவர்துதான் முக்கியம்" என்றான்.

நாச்சியார் ரகுபதி சொன்னது முழுவதையும் சொன்னாள். ஒயரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஃபேன் ஸ்டிக்கரைக் காட்டினாள். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்தான்.

"நானா?" என்றான்.

"நாம ரெண்டு பேரும்."

"ஃபேன் வாங்கியாந்தவன் நானு. ஓட்டை போட்டவன் நானு."

"ஒயரு செஞ்சவ நான். அந்த வேலையே செய்யுறவ. நீங்க கேட்டப்போ நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவன் தாளை மடித்தான், பிரித்தான். "ஊர் முழுக்க சொல்லிட்டேன் நாச்சி. கரண்டு ஆபீசுல இன்ஜினியர் ஏ.இ. கிட்டயே வாயால சொல்லிட்டு வந்துட்டேன். அந்தாள இன்னிக்கே வேலைக்கு வராதன்னு நிறுத்தி வெச்சிட்டாங்க."

"போயி இல்லன்னு சொல்லுங்க."

"இன்னான்னு சொல்றது? எங்கப்பன நான்தான் கொல்லப் பாத்தேன்னா? கடைக்கு அப்பறம் எவன் வருவான்? நீ செத்த வாய மூடிகினு இரு. ரெண்டு நாள்ல அடங்கிடும்."

"அவருக்குப் பிள்ளைங்க இருக்கு."

"எனக்கு அப்பன் கீறான்" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த நாலு அடிதான் வந்தது. ஸ்விட்சுக்கு ஓடிய நாலு அடி. ஒவ்வொரு தடவையும் அது நீளமாகிக்கொண்டே போயிற்று.

மூன்றாம் நாள் பத்து மணி வெயிலில் ஆட்டோ வந்து நின்றது. கன்னியப்பன் இறங்கி நடந்தே வந்தார். தெருவே வாசலில் இருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாஞ்சாலி விசிறியால் வீசினாள். யார் வந்து கையைத் தொட்டாலும் அவர் பார்த்தார், தலையை ஆட்டினார். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை.

தாண்டவராயனையும் யாரோ போய்க் கூப்பிட்டிருந்தார்கள். வந்து பதில் சொல்லு என்று. அவன் புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான். மூன்று நாள் தாடி. ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக் கிளியம்மாள் ஆரம்பித்தாள். "இவ்ளோ ஜனம் நின்னுச்சே, எல்லாம் பொணமா போயிருந்தா நீ இன்னா பண்ணுவ? டியூப்லைட்டு எரிஞ்ச எரிப்புல என் கண்ணே கூசிச்சி."

தாண்டவராயன் சைக்கிளை இன்னும் மரத்தை ஒட்டி நகர்த்தினான்.

ஒரு பையன் தாளைக் கொண்டுவந்து கன்னியப்பன் மடியில் வைத்தான். மைப்பெட்டியைத் திறந்தான். "வலது கை கட்டுல கீது. இடது கட்டவெரலு போதும், தாத்தா."

கன்னியப்பன் தாளைப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனால் பெயர் தெரியும். தாண்டவராயனைப் பார்த்தார். இடது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"வையி நைனா" என்றான் சிவசங்கர். குரல் அவனுடையது போலவே இல்லை.

நாச்சியார் முன்னால் வந்தாள். கையில் அந்த அஞ்சு வால் ஒயர் இருந்தது. இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதில்லை.

"மாமா, கைநாட்டு வைக்காதீங்க. அவரு மேல தப்பில்ல. நான் செஞ்ச ஒயராலதான் எரிஞ்சிச்சி."

யாருக்கும் புரியவில்லை. அவள் ஒயரைத் தூக்கிக் காட்டினாள். "போர்டுல ஒரு ஃபேனுக்கு வச்ச இடத்துல அஞ்சு ஃபேனை மாட்டுனோம். அது தாங்காம எரிஞ்சிச்சி. ரிப்பேர்காரரு வந்து பாத்துட்டுச் சொன்னாரு. கரண்டு ஜாஸ்தி வந்திருந்தா மத்த ரெண்டு மிஷினும் போயிருக்கும். ரெண்டும் ஓடுது, யாரு வேணா வந்து பாருங்க. நேத்தே தெரியும் எனக்கு. நேத்தே சொல்லியிருக்கணும்."

பாஞ்சாலியின் கையில் விசிறி அந்தரத்தில் நின்றது. அவள் மருமகளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அடையாளம் தெரியாத ஒருத்தி வீட்டுக்குள்ளிருந்து வந்ததுபோல் பார்த்தாள். சிவசங்கர் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கிளியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நீயாம்மா?" என்று யாரோ ஒரு ஆள் கேட்டார்.

"நானும்தான்" என்றான் சிவசங்கர், தலை நிமிராமல்.

அப்போது கன்னியப்பன் தொண்டையைச் செருமினார். மூன்றாம் நாளில் அவர் குரல் கரகரவென்று வந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"பீரோ பின்னால செவுத்துல ஒரு பிளக்கு கீது. போயி புடுங்கினு வா."

எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக். மூன்று மிஷினுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். சிவசங்கர் மெயினை இறக்கிவிட்டுப் போய், பீரோவை நகர்த்தி, எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பிளக்கில் இரண்டு கால்தான் இருந்தது. மூன்றாவது, பெரியது, அடியோடு அறுபட்டு வட்டமாக மின்னியது.

"நான்தான்" என்றார் கன்னியப்பன். "செவுத்துல ரெண்டு ஓட்டதான் கீது. இதுல மூணு காலு. பூரல. நீ மிஷினு வாங்க மெட்ராசுக்குப் போயிர்ந்த அன்னிக்கி, ஆக்ஸா பிளேடு வெச்சி அறுத்துட்டேன். அந்தப் பெரிய காலு சும்மா புடிமானத்துக்குத்தான்னு நெனச்சேன். இருவது வருசமா மோட்டரு ஓட்றவன் நானு. யாருகிட்டயும் சொல்லல." அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். "ஆஸ்பத்திரில ஒரு பையன் ஸ்கேன் மிஷினு பிளக்கு மாட்னான். எதுக்குடா இந்தப் பெரிய காலுன்னு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். பேச்சு வரல. ஆனா அத்த அறுத்ததாலதான் என்ன அடிச்சிச்சின்னு தெரிஞ்சி பூட்ச்சி."

அவர் நாச்சியாரைப் பார்த்தார். "உன் ஒயரு மிஷின எரிச்சிச்சி. என்ன அடிச்சது என் கையி. இத்த நீ உம்மேல போட்டுக்காத யம்மா."

மடியிலிருந்த தாளை இடது கையால் எடுத்து மகனிடம் நீட்டினார். சிவசங்கர் வாங்கி, நாலாகக் கிழித்தான். கிழித்த துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். பிறகு வெயிலில் இறங்கி நடந்து, தாண்டவராயன் எதிரே போய் நின்றான்.

"நான் வரேன் ஆபீசுக்கு. ஏ.இ. கிட்ட நான்தான் சொல்லணும். இன்னிக்கே போலாம்."

தாண்டவராயன் சைக்கிளை விடவில்லை. கோபித்துக்கொள்வான், திட்டுவான் என்று நாச்சியார் எதிர்பார்த்தாள். அவன் சிவசங்கரையும் பார்க்கவில்லை, தெருமுனை டிரான்ஸ்பார்மரைப் பார்த்தான்.

"அப்ப நானு நியூட்ரல லூசா வுடலியா?" என்றான்.

"இல்லண்ணே."

"மூணு நாளா போயிப் போயிப் பாத்தேன். வேலைய நிறுத்திட்டாங்க, இருந்தாலும் திருட்டுத்தனமா ஏறிப் பாத்தேன். டைட்டாதான் இருந்துச்சி. ஆனா அன்னிக்கி லூசா வுட்டுட்டு, அப்பறமா எப்பவோ நானே டைட் பண்ணி மறந்துட்டனோன்னு தோணிகினே இருந்துச்சி. ஏணிய எங்க சாச்சேன், எந்தக் கையில ஸ்பேனர் புடிச்சேன், எல்லாம் நெனச்சிப் பாத்தேன். கடைசில நான்தான் பண்ணேன்னு முடிவே பண்ணிட்டேன். ஐயா காலுல வுழுவறதுக்குத்தான் வந்தேன்."

நாச்சியாருக்கு, கன்னியப்பன் விழுந்தபோதுகூட இப்படி உடம்பு சில்லிடவில்லை. பேசாமல் இருந்த ஒரு நாளில் அவள் என்ன செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

தாண்டவராயன் சைக்கிளை மரத்தில் சாய்த்தான். பிடி தளர்ந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வாசலில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"பாஞ்சாலிக்கா, துன்றதுக்கு எதுனா கீதா? மூணு நாளா எறங்கல" என்றான்.

பாஞ்சாலி விசிறியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். காலையில் கிண்டிய களி ஒரு உருண்டை, நேற்றைய கருவாட்டுக் குழம்பு. தட்டில் வைத்துக் கொண்டுவந்து, அவன் முன்னால் குனிந்து வைத்தாள். அவன் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டான். மெல்லாமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு விழுங்கினான். பிறகு வேகமாகத் தின்ன ஆரம்பித்தான்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சிவசங்கர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தான். தாண்டவராயன் தின்று முடித்துக் கையை நீட்டும்வரை அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.